கேள்வி பதில்: ஃபீல்ட் மார்ஷலை எப்போது இறக்குவது?

கேள்வி: மகன் தேசிய சேவையில் இருக்கிறான். நம் சிங்கப்பூர் ராணுவத்தில் ஃபீல்ட் மார்ஷல் பதவி உண்டா? – வாசகி, ஈசூன்

இல்லை. அது ஐந்து நட்சத்திரத் தகுதி. நம் தற்காப்புப் படைத் தலைவர்கள் இதுவரை எட்டிய உச்சம் மூன்று நட்சத்திரம்: லெஃப்டினன்ட் ஜெனரல், கடற்படையினர் என்றால் வைஸ் அட்மிரல். இந்தியத் தரைப்படையிலேயே இருவர்தான் ஃபீல்ட் மார்ஷல்: 1973இல் மானெக்‌ஷா, 1986இல் கரியப்பா. கரியப்பா 1953இலேயே ஓய்வு பெற்றவர் என்பதைக் கவனியுங்கள். அவருக்கு அது முழுக்க கௌரவம். இந்தத் தகுதி பெற்றவர் ஆயுள் முழுவதும் அந்தத் தகுதியிலேயே நீடிப்பார்.

கேள்வி: ஸ்ட்ராட்டேகோ ஆட்டத்தில் என் மார்ஷலை எப்போதும் ஸ்பை தூக்கிவிடுகிறது. எங்கே வைத்தால் தப்பும்? – வாசகர், தெம்பனிஸ்

ஸ்ட்ராட்டேகோ இருவர் ஆடும் பலகை ஆட்டம். எந்தக் காய் எது என்று எதிரிக்குத் தெரியாது, மார்ஷல்தான் உச்சத் தகுதிக் காய். அதை வைக்கும் இடத்தைவிட இறக்கும் நேரம்தான் முக்கியம். ஸ்பை தானாக வந்து தாக்கினால் மட்டுமே மார்ஷல் விழும். மார்ஷல் முந்திக்கொண்டால் சாவது ஸ்பைதான். ஆகவே உங்கள் மார்ஷல் எது என்று எதிரிக்குத் தெரியாதவரை அவருடைய ஸ்பைக்கு வேலையில்லை. தொடக்கத்திலேயே ஒரு மேஜரை அடிக்க அதை வெளிக்காட்டுவது நஷ்டம். கர்னல் கிடைத்தால் யோசிக்கலாம், ஜெனரல் என்றால் தாராளமாக இறங்கலாம். ஆனால் அங்கேதான் பொறி: தேர்ந்த ஆட்டக்காரர் தன் ஜெனரலுக்குப் பின்னாலேயே ஸ்பையை ஒளித்து வைப்பார். ஜெனரலை அடித்து அந்தக் கட்டத்தில் போய் நின்றதும், அடுத்த நகர்விலேயே உங்கள் மார்ஷல் காலி.

பலகையில் இரண்டு ஏரிகள் இருப்பதால் வழிகள் மூன்றே. ஒவ்வொன்றும் இரண்டு கட்ட அகலம். மார்ஷலை இரண்டாம் அல்லது மூன்றாம் வரிசையில், அப்படி ஒரு வழிக்கு நேராக வையுங்கள். பக்கத்தில் ஒரு லெஃப்டினன்ட் நிற்கட்டும். அடையாளம் தெரியாத காய் நெருங்கி வந்தால் லெஃப்டினன்ட்டை விட்டு அடித்துப் பாருங்கள். ஸ்பை என்றால் அதோடு ஒழிந்தது.

இன்னொரு ஆபத்து குண்டு: அது அசையாது, மோதும் காயைக் கொல்லும். ஒவ்வொரு பக்கமும் ஆறு குண்டுகள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அசையாத காயை மார்ஷலால் தொடவே கூடாது. குண்டை அகற்ற ஐந்து மைனர்கள் இருக்கிறார்கள், தொட்டுப் பார்க்க எட்டு ஸ்கவுட்கள் இருக்கிறார்கள். எதிரியின் ஸ்பை போய்விட்டதென்றால் மார்ஷலை அஞ்சாமல் நடத்துங்கள். எதிரி மார்ஷலோடு மோதினால் மட்டும் இரண்டும் வெளியேறும். உங்கள் ஜெனரல் உயிரோடிருந்து, அவருடையது போயிருந்தால், அந்தப் பரிமாற்றம் உங்களுக்கே லாபம்.

பழைய பெட்டிகள் சிலவற்றில் மார்ஷலின் எண் 1, மற்றவற்றில் 10. ஆடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே சீன நண்பர்கள் ஆடும் ராணுவச் சதுரங்கம் ஆளுக்கு 25 காய்கள் கொண்டது. அதில் தலைமைத் தளபதி விழுந்தால் அவரை இழந்தவர் தன் கொடி இருக்கும் இடத்தைக் காட்டியாக வேண்டும். எனவே அங்கே அவரை இன்னும் பொத்திப் பாதுகாக்க வேண்டும்.

கேள்வி: 1945இல் சிட்டி ஹாலில் ஜப்பானியர் சரணடைந்தபோது அவர்களுடைய ஃபீல்ட் மார்ஷல் ஏன் வரவில்லை? – வாசகர், உட்லண்ட்ஸ்

தென்கிழக்காசியாவில் ஜப்பானியப் படைகளின் தலைவர் தெராவுச்சி. பக்கவாதம் தாக்கி சைகோனில் கிடந்தார். அதனால் செப்டம்பர் 12 அன்று ஜெனரல் இத்தாகாகி கையெழுத்திட்டார். ஆனால் நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியத் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் அத்தோடு விடவில்லை. நவம்பர் 30 அன்று சைகோனுக்கே போய் தெராவுச்சியின் வாளைக் கையோடு வாங்கினார். மறு ஆண்டு தெராவுச்சி மலாயாவில் இறந்தார். சுவான் ஹோ அவென்யூவில் உள்ள ஜப்பானியக் கல்லறைப் பூங்காவில் அவர் நினைவுக்கல்லை இன்றும் பார்க்கலாம்.