ரெப்டார் படத்தை ஏன் முழுசாகக் காட்டுவதில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளோடு சேர்ந்து ‘ரக்ராட்ஸ்’ கார்ட்டூன் பார்த்து வருகிறேன். அதில் வரும் குழந்தைகளுக்கு ரெப்டார் என்ற ராட்சத டைனோசர் படம் என்றால் உயிர். காட்ஸில்லாவைக் கிண்டல் செய்யத்தான் அதை வைத்தார்களா? அந்தப் படத்தை ஏன் முழுசாகக் காட்டுவதில்லை? கார்ட்டூனுக்குள் வரும் ஒரு கற்பனைப் படத்தைப் பற்றி இவ்வளவு யோசிப்பது வெட்டி வேலை என்கிறார் என் கணவர்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வெட்டி வேலையே இல்லை. எனக்குப் பிடித்த ராட்சத மிருகப் படங்களைச் சொல்லச் சொன்னால் ரெப்டாரையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

கிண்டல் இருக்கிறது, மறுக்க முடியாது. 1991இல் நிக்கலோடியன் சேனலில் ரக்ராட்ஸ் வந்தபோது, பெரியவர்கள் பார்த்ததும் கண்டுபிடிக்கிற மாதிரிதான் ரெப்டாரைப் படைத்தார்கள். ஊரை மிதித்து நாசம் செய்வது, அந்தக் கர்ஜனை, எல்லாம் காட்ஸில்லாவின் சொத்து. ரெப்டார் பெயரில் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல், தின்றால் நாக்கு பச்சையாகும் சாக்லேட், ஐஸ் ஸ்கேட்டிங் ஷோ என்று வியாபாரம் நடப்பதும் கிண்டல்தான். ஆனால் அதெல்லாம் பெற்றோருக்கு. தொடரின் கதாநாயகன் டாமிக்கு அது எதுவும் தெரியாது.

டாமிக்கு ஒரு வயது. தொடர் முழுக்க அவன் உயரத்திலிருந்துதான் நாம் பார்க்கிறோம். பெரியவர்கள் பாதி நேரம் வெறும் கால்களாக வந்து போகிறார்கள், மேஜை கூரையாகத் தெரிகிறது. அந்த வீட்டில் ராட்சதர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், அவர்கள் அப்பா அம்மா. ரெப்டாரோ குழந்தைகளின் கட்சி. அதற்கும் பேச வராது, அடுக்கி வைத்ததைக் கண்டால் தள்ளிவிடும், யார் தடுத்தாலும் நினைத்த பக்கம்தான் போகும். ஒரு வயதுக் குழந்தைக்கு நூறடி உயரம் கிடைத்தால் என்ன செய்யுமோ அதைத்தான் ரெப்டார் செய்கிறது. அதனால்தான் பயப்பட வேண்டிய இடத்தில் அவர்கள் கைதட்டுகிறார்கள். ஒரு எபிசோடில் பல்லி ஒன்று கையில் கிடைக்கிறது. ரெப்டாரின் குட்டி என்றே நம்பி, அதை ரெப்டாரிடம் ஒப்படைக்க ஐஸ் ஷோவுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். குட்டியைக் காணாமல் அது தேடுமே என்ற கவலை அவர்களுக்கு. நகரத்தையே நொறுக்குகிற மிருகத்தைப் பார்த்து இப்படிக் கவலைப்பட ஒரு குழந்தையால்தான் முடியும்.

மூலமான காட்ஸில்லாவின் கதை வேறு. 1954 மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது விழுந்தது. அந்த ஆண்டு நவம்பரில் இஷிரோ ஹோண்டா இயக்கிய ‘காட்ஸில்லா’ வெளியானது. அந்தப் பீதி படம் முழுக்க இருக்கிறது. ரெப்டாரில் அது துளியும் இல்லை, அது ஒரு இழப்புதான்.

காட்ஸில்லாவை எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். சுமார் நூறு கிலோ எடையுள்ள உடைக்குள் நின்று நடிகர் ஹருவோ நகஜிமா சின்னஞ்சிறு டோக்கியோவை மிதித்தார். தந்திரக் காட்சி நிபுணர் எய்ஜி ட்சுபுராயா படச்சுருளை வேகமாக ஓட்டும் கேமராவில் அதைப் பிடித்தார். திரையில் வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது அசைவு மெதுவாகும், உடம்புக்கு எடை வந்துவிடும். கேமராவைத் தாழ்வாக வைத்ததால் உயரமும் வந்தது. கான்ட்ராபாஸ் வாத்தியத்தின் தளர்த்திய தந்தியைத் தோல் கையுறையால் இழுத்து உண்டாக்கியதுதான் அந்தக் கர்ஜனை. அங்கே மனிதனை மிருகமாக்கத் தாழ்ந்த கேமரா, இங்கே ரக்ராட்ஸில் கதாநாயகன் அவ்வளவு உயரம்தான் என்பதால். இந்தப் பொருத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முழுசாகக் காட்டாததற்கு என் கணிப்பைச் சொல்கிறேன். கார்ட்டூனில் டாமியின் வீடும் கோடுகள்தான், ரெப்டார் மிதிக்கிற நகரமும் கோடுகள்தான். இது வீடு, அது சினிமா என்று பிரித்துக் காட்ட டிவி பெட்டியின் விளிம்போ தியேட்டர் இருட்டோ வேண்டும். நீளமாக ஓட்டினால் அந்த விளிம்பு மறந்துபோய் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்புறம், நமக்கு வேண்டியது குழந்தைகளின் முகம். ‘டம்மி பேர்ஸ்’ என்ற சாதுவான படத்துக்குக் கூட்டிப்போனால் டாமி நைசாக நழுவி ரெப்டாரைத் தேடிப் போவானே, அந்த ஏக்கமே ரெப்டார் எப்படிப்பட்ட படம் என்று சொல்லிவிடுகிறது.

ஒரு தடவை அந்த விளிம்பை வேண்டுமென்றே உடைத்தார்கள். பாரிஸில் நடக்கும் 2000ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ரெப்டார் ரோபோவாகத் தெருவில் இறங்குகிறது. எதற்கெடுத்தாலும் நடுங்கும் டாமியின் நண்பன் சக்கி அதை ஓட்டிக்கொண்டு, அப்பாவின் தவறான கல்யாணத்தை நிறுத்த நோத்ர் தாம் தேவாலயத்துக்குப் போகிறான். அத்தனை வருடம் திரைக்குள் வைத்திருந்ததால்தான் அந்த இடம் அவ்வளவு நன்றாக எடுபடுகிறது.

உங்கள் கணவருக்கு முதலில் அந்த ஐஸ் ஷோ எபிசோடைக் காட்டுங்கள், பிறகு பாரிஸ் படம். 1954 படத்தை நீங்கள் இருவர் மட்டும் பாருங்கள். அதன் ஆஸ்பத்திரிக் காட்சிகள் மகளுக்கு இப்போது வேண்டாம்.

அன்புடன்