காணாமல் போன ஊராட்சி செயலரும் கணக்கில் வராத மானியமும்: மனைவி என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: என் கணவர் எங்கள் ஊராட்சியில் பல ஆண்டுகளாகச் செயலராக இருக்கிறார். மூன்று வாரங்களுக்கு முன், தணிக்கைக்குக் கேட்ட கோப்புகளை எடுத்துக்கொண்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் புறப்பட்டவர் வீடு திரும்பவில்லை. கைப்பேசி அணைந்திருக்கிறது. அவருடைய வண்டி மட்டும் பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்றது. நிதிக்குழு மானியத்தில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வாய்க்காலும் போட்டதாகப் பட்டியல் எழுதிப் பணம் எடுத்திருக்கிறார்கள், ஆனால் வேலை நடக்கவில்லை என்று ஊரில் பேச்சு. காவல் நிலையத்தில் "பணத்தோடு தலைமறைவானவரை நாங்கள் ஏன் தேட வேண்டும்" என்று என் புகாரை வாங்க மறுத்துவிட்டார்கள். முன்னாள் தலைவரின் உறவினர் ஒருவர், ஆறு லட்சம் கட்டினால் புகார் எதுவும் வராது என்று சொல்லி, வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார். வீட்டு அலமாரியில், தலைவர், துணைத் தலைவர் பெயர் எழுதி ஒட்டிய இரண்டு பென்டிரைவ்களும் ஒரு கணக்கு நோட்டும் இருக்கின்றன. அவற்றையும் கேட்கிறார்கள். நான் என்ன செய்வது? எங்கள் வீடு போய்விடுமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், பணம் கட்டாதீர்கள், அலமாரியில் இருப்பவற்றை அந்த உறவினரிடம் கொடுக்காதீர்கள். இந்த மூன்றையும் முதலில் சொல்லிவிட்டே மற்றவற்றுக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. அரசு மானியம் எங்கே போனது என்பது ஒன்று. உங்கள் கணவர் எங்கே என்பது இன்னொன்று. பணத்தைப் பற்றிய சந்தேகத்தைக் காட்டி ஆளைத் தேட மறுப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. அதேபோல், ஆளைக் காணவில்லை என்பதைக் காட்டி, பணத்துக்கு அவர் ஒருவரே பொறுப்பு என்று கோப்பை மூடவும் முடியாது. உங்களைச் சுற்றி நடப்பவற்றைப் பார்த்தால், இந்த இரண்டாவது காரியத்துக்குத்தான் சிலர் அவசரப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கணவரைத் தலைமறைவுக் குற்றவாளி என்று அழைக்கும் உரிமை இன்று காவல் நிலையத்துக்கு இல்லை. ஒருவர் மீது வழக்குப் பதிவாகி, நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்து, அவர் அதற்குத் தப்பி ஒளிந்திருக்கிறார் என்று நீதிமன்றம் நம்புவதற்குக் காரணம் இருந்தால்தான், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 84-ஆம் பிரிவின்படி, ஆஜராவதற்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு வெளியிட முடியும். நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து அவர் மீது இதுவரை எந்த வழக்கும் பதிவானதாகத் தெரியவில்லை. வழக்கே இல்லாத இடத்தில் அவர் காணாமல் போன ஒரு மனிதர், அவ்வளவுதான். நாளை வழக்கு வந்தாலும்கூட, ஒருவர் ஓடி ஒளிந்தார் என்பதை மட்டும் வைத்து அவரைக் குற்றவாளி என்று முடிவு கட்ட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1971-இலேயே, மாத்ரு என்பவரின் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பயத்தில் ஓடுகிறவர்களும் உண்டு, ஓடவே இல்லாமல் காணாமல் போகிறவர்களும் உண்டு.

ஆகவே புகாரை மறுபடியும் எழுத்தில் கொடுங்கள். தமிழ்நாட்டில் "ஆள் காணவில்லை" என்றே முதல் தகவல் அறிக்கை பதியும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அவரை யாராவது கடத்தியிருக்கலாம் அல்லது அடைத்து வைத்திருக்கலாம் என்று உங்களுக்கு நியாயமான ஐயம் இருந்தால், அதையும் அதற்கான காரணங்களையும், வீட்டுக்கு வந்து மிரட்டியவர் யார், எந்த நாளில் வந்தார், என்ன சொன்னார் என்பதையும் அப்படியே எழுதுங்கள். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தை ஒரு புகார் வெளிப்படுத்தினால் அதைப் பதிந்தே ஆக வேண்டும் என்பது லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2013-இல் சொன்ன தீர்ப்பு. நிலையத்தில் மறுபடியும் வாங்க மறுத்தால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவின்படி அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால், பிரமாணப் பத்திரத்துடன் குற்றவியல் நடுவர் முன் மனுச் செய்து, விசாரணைக்கு உத்தரவு பெறலாம். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (சமுதாயப் பணிப் பதிவேடு) ரசீதோடு உங்களை அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். அது புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சான்று மட்டுமே. நீங்கள் கேட்க வேண்டியது முதல் தகவல் அறிக்கையின் நகல், அதைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

அந்தப் புகாரில் ஒரு பத்தியை நான் வலியுறுத்திச் சேர்க்கச் சொல்வேன். பேருந்து நிலையத்திலும், அதற்குப் போகும் வழியில் உள்ள கடைகளிலும், ஒன்றிய அலுவலக வாசலிலும் இருக்கும் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை உடனே கைப்பற்றிப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கைப்பேசி அழைப்பு விவரங்களைப் பின்னாலும் நிறுவனத்திடமிருந்து பெற முடியும், ஆனால் கேமராப் பதிவு பழையதன் மேல் புதியதாக எழுதப்பட்டு அழிந்துகொண்டே போகும். ஏற்கெனவே மூன்று வாரம் கடந்துவிட்டது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது உங்கள் கணவர்தானா, வேறு யாராவதா என்ற கேள்விக்கு அந்தப் பதிவைத் தவிர வேறு சாட்சி கிடைக்காமலே போகலாம். அவர் எடுத்துச் சென்ற கோப்புகள் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தனவா என்பதையும் விசாரிக்கச் சொல்லி எழுதுங்கள். யாரோ அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஓரளவாவது ஆதாரம் கையில் இருந்தால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் தாக்கல் செய்யலாம். வெறுமனே காணவில்லை என்ற அளவில் அந்த மனு நிற்பது கடினம்.

இனி பணத்துக்கு வருவோம். ஓர் ஊராட்சி செயலர் தனி ஆளாக மானியத்தை எடுத்துக்கொண்டு போய்விட முடியுமா என்ற கேள்வியை யாரும் கேட்காததுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 188-ஆம் பிரிவின்படி, ஊராட்சி நிதிக்கான காசோலைகளில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். செயலருக்கு அந்தக் கையெழுத்து அதிகாரம் இல்லை. நிதிக்குழு மானியமோ காசோலையில் போவதில்லை. ஊராட்சிக் கணக்குகளுக்கான இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஒருவர் பதிவு செய்து, இன்னொருவர் ஒப்புதல் அளித்து, இருவருடைய மின்னணுக் கையொப்பமும் விழுந்த பிறகே ஒப்பந்தக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அதற்கு முன்பாக, வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் பணி மேற்பார்வையாளர் எழுத வேண்டும், பொறியாளர் அதைச் சரிபார்க்க வேண்டும். போடாத குழாயை அளந்ததாக எழுதிய கை ஒன்று இருக்கிறது. அதை உங்கள் கணவரின் கை என்று சொல்ல முடியாது. 2019 இறுதியில் தேர்தல் நடந்த ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஆகவே எந்தப் பட்டியல் எந்தத் தேதியில் போனது என்பதைப் பொறுத்து, ஒப்புதல் தந்தவர் யார் என்பதும் மாறும்.

இந்த விவரங்களில் பெரும் பகுதி ரகசியம் அல்ல. அதே இணையதளத்தின் பொதுப் பக்கத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், எந்த வேலைக்கு எந்தத் தேதியில் எவ்வளவு தொகை, யாருக்குப் போனது என்பது வரிசையாக வரும். பிள்ளைகளில் யாரையாவது உட்காரவைத்து அந்தப் பக்கங்களை இன்றே அச்செடுத்து வையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கு யாருடையது என்பதில்தான் இந்த வழக்கின் உயிர் இருக்கிறது.

அலமாரியில் நீங்கள் பார்த்தவை சாதாரண பென்டிரைவ்கள் அல்ல. தலைவர், துணைத் தலைவர் பெயர் ஒட்டியிருப்பதால், அவர்களுடைய மின்னணுக் கையொப்பம் அடங்கிய டோக்கன்களாகவே அவை இருக்க வேண்டும். டோக்கனையும் ரகசிய எண்ணையும் செயலர் பையிலேயே கொடுத்து வைத்துவிடும் கெட்ட பழக்கம் ஊராட்சிகளில் உண்டு. உண்மையை மறைக்காமல் சொல்கிறேன்: அவை உங்கள் வீட்டில் இருப்பது உங்கள் கணவருக்கு எதிராகவும் பேசும். ஆனால் தன் கையொப்பச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கடமை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, அதற்கு உரியவரையே சாரும். அது கைமாறிவிட்டது என்று சான்றளிக்கும் அமைப்புக்கு அவர் தெரிவிக்கும் வரை பொறுப்பும் அவருடையதே. "எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் கிளார்க் செய்தது" என்று முன்னாள் தலைவர் சொல்லித் தப்பிவிட முடியாது. அந்த டோக்கன்களை அவர்கள் இவ்வளவு ஆவலாகத் தேடுவதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

எனவே அவற்றைக் கணினியில் செருகிப் பார்க்காதீர்கள். நோட்டில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள், ஒரு தாளையும் கிழிக்காதீர்கள். கணவரைக் காப்பாற்றும் எண்ணத்தில் செய்தாலும் ஆவணத்தை அழிப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம், மனைவி என்பதற்காக அதில் விலக்குக் கிடையாது. எல்லாவற்றையும் படம் எடுத்து, நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் எடுத்து, ஒரு வழக்கறிஞரை உடன் வைத்துக்கொண்டு, விசாரணை அதிகாரியிடம் மட்டும், எழுத்துப்பூர்வமான ஒப்புகை பெற்று ஒப்படையுங்கள். காவல்துறையே வீட்டைச் சோதனை போட வந்தால், அதை ஒலி-ஒளிப் பதிவு செய்வது இப்போது கட்டாயம். கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் நகல் உங்களுக்கு வர வேண்டும்.

ஆறு லட்சம் பற்றி. கணவரின் குற்றத்துக்கு மனைவியோ பிள்ளைகளோ பொறுப்பாக மாட்டார்கள், குற்றம் உறுதியானாலும் அதே நிலைதான். பொது ஊழியர் தன் பொறுப்பில் உள்ள பணத்தைக் கையாடல் செய்வது, 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டம் 409, பின் நடந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 316-இன் 5-ஆம் உட்பிரிவு. ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடிய, சமரசம் செய்துகொள்ள முடியாத குற்றம் அது. பணம் வாங்கிக்கொண்டு குற்றத்தை மறைப்பதும், மறைப்பதற்காகப் பணம் தருவதும் நியாய சன்ஹிதாவின் 250, 251-ஆம் பிரிவுகளில் தனித்தனிக் குற்றங்கள். அந்த உறவினர் சொன்னபடி நீங்கள் பணம் கட்டினால், புகார் வருவது நின்றுவிடாது, உங்கள் கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு காகிதமும் உருவாகும், நீங்களும் ஒரு வழக்குக்குள் இழுக்கப்படுவீர்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, குற்றத்தால் வந்த பணத்தில் வாங்கிய சொத்து என்று காட்ட முடிந்தால், நீதிமன்ற உத்தரவின் பேரில் அதை முடக்கலாம். உத்தரவு இல்லாமல் யாரும் உங்களை வெளியேற்ற முடியாது. உங்கள் சீதன நகைகளும், பரம்பரையாக வந்த நிலமும், குற்றத்துக்கு முன்பே கட்டிய வீடும் அந்த வகையில் வருவதில்லை. நகை ரசீதுகள், வீட்டுக் கடன் ஆவணங்கள், பத்திரங்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாகத் திரட்டி வையுங்கள், தேதிதான் உங்களுக்குக் காவல்.

விசாரணைக்கு வா என்று யாராவது நிலையத்துக்கு அழைத்தால், சாட்சியாக விசாரிக்க வேண்டிய ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், 60 வயதைக் கடந்த மாமனாருக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்பதை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவைச் சொல்லி நினைவூட்டுங்கள். காவலரிடம் தரும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டியதில்லை. திருமண வாழ்வில் கணவர் உங்களிடம் சொன்னவற்றை வெளியிடும்படி உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது, அது பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு. கண்ணால் பார்த்த பொருட்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஒருவேளை அவர் உங்களைத் தொலைபேசியில் அழைத்தால், தேடப்படுபவருக்கு மனைவி அடைக்கலம் தருவது குற்றமாகாது என்று நியாய சன்ஹிதாவின் 249-ஆம் பிரிவு சொல்கிறது, அதனால் பயந்து பேச்சைத் துண்டிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிறகு வழக்கறிஞர் மூலம் முன்பிணை கோரி, விசாரணைக்கு வந்து சேரும்படி சொல்லுங்கள். அவர் திரும்பி வந்து பேசினால்தான் அளவுப் புத்தகத்தில் எழுதியவர், ஒப்புதல் தந்தவர், பணம் பெற்றவர் எல்லோருடைய பெயரும் வெளியே வரும். வராமலே இருந்தால், இத்தனை பெரிய தண்டனைக்குரிய குற்றத்தில் அவரை அறிவிக்கப்பட்ட குற்றவாளியாக்கி, அவர் இல்லாமலேயே வழக்கை நடத்தித் தீர்ப்புச் சொல்ல இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த விசாரணையில் அவருடைய தரப்பைச் சொல்ல அவர் இருக்க மாட்டார்.

வழக்கறிஞர் கட்டணம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எதுவாக இருந்தாலும் எந்தப் பெண்ணுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது புகாரின் நகல், அச்செடுத்த பக்கங்கள், டோக்கன்களின் படங்கள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். டோக்கன்கள் வீட்டிலேயே பூட்டி இருக்கட்டும்.