வாசகர் கேள்விகள்: லூஸ் போர்க்களத்தின் பைப்பர்

கேள்வி: முதல் உலகப்போரில் விஷவாயுவுக்கு நடுவே ஒரு ஸ்காட்லாந்துச் சிப்பாய் பதுங்குகுழியின் மேட்டில் ஏறி நின்று பேக்பைப் வாசித்தாராமே, உண்மையா? வாயுவில் மூச்சுவிடுவதே கஷ்டம், எப்படி ஊதினார்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உண்மைதான். அவர் டேனியல் லெய்ட்லா. 1875-ல் ஸ்காட்லாந்தின் பெர்விக்‌ஷயரின் லிட்டில் ஸ்விண்டனில் பிறந்தவர். 1896-ல் பட்டாளத்தில் சேர்ந்து இந்தியாவில் இருந்தார். 1898-ல் கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸ் படைக்குப் பைப்பராக, அதாவது பேக்பைப் வாசிப்பவராகப் போனார். 1912-ல் பணி முடிந்து வீடு திரும்பியவர், 1914-ல் போர் மூண்டதும் மறுபடி சேர்ந்தார். பிரான்சின் லூஸ் ஊரருகே அந்தச் சம்பவம் நடந்த 1915 செப்டம்பர் 25 அன்று அவருக்கு வயது 40.

அன்று காலை 5.50-க்குப் பிரிட்டிஷ் படை முதன்முறையாகக் குளோரின் விஷவாயுவைத் திறந்துவிட்டது. 5,000-க்கும் மேற்பட்ட உருளைகள். 6.30-க்குக் காலாட்படை பாய வேண்டும். திட்டம் முழுக்கக் காற்றை நம்பியிருந்தது. காற்றோ மந்தமாக இருந்தது. சில இடங்களில் வாயு திறந்தவர்கள் பக்கமே திரும்பிவிட்டது. குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. பள்ளம் கண்ட இடத்தில் தண்ணீரைப் போல இறங்கித் தேங்கும். குண்டுக்குப் பயந்து குழியில் குனிந்தால் வாயு. வாயுவுக்குப் பயந்து மேலே ஏறினால் குண்டு.

முகமூடி என்பது மருந்தில் நனைத்த ஃபிளானல் பை. தலையில் கவிழ்த்து, அடி ஓரத்தைக் காலருக்குள் செருகிக்கொள்வார்கள். மூச்சை மூக்கால் துணி வழியே இழுத்து, வாயில் கவ்விய குழாய் வழியே விட வேண்டும். வாயை அந்தக் குழாய்க்குக் கொடுத்துவிட்டால் பைப் ஊத வாய் ஏது? முகமூடியோடு வாசிக்கவே முடியாது. அதை விலக்கினால்தான் ஊத முடியும்.

கருவியையும் கொஞ்சம் பாருங்கள். வாயால் ஊதுவது ஒரு பைக்குள். ஊதுகுழலில் உள்ள வால்வு காற்றைத் திரும்ப விடாது. பையை முழங்கையால் அமுக்க, வாசிப்பவர் மூச்சு வாங்கும்போதும் ஒலி அறுவதில்லை. விரல் வைக்கும் குழலில் 9 சுரங்கள். அதன் தலையில் நாதஸ்வரச் சீவாளி போன்ற இரட்டை நாணல். தோள்மேல் மூன்று சுருதிக் குழல்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லாத வாத்தியம் இது. அந்த இரைச்சலிலும் காதில் விழுந்ததென்றால் அதனால்தான். அவர் எடுத்தது படையின் சொந்த அணிவகுப்பு மெட்டான ‘ப்ளூ பானெட்ஸ் ஓவர் த பார்டர்’. கலங்கிப்போயிருந்த அவருடைய கம்பெனி (படைப்பிரிவு) எழுந்து பாய்ந்தது. காயம்படும்வரை அவர் நிறுத்தவில்லை என்கிறது, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸை அவருக்கு வழங்கிய அறிவிப்பு.

கேள்வி: விக்டோரியா கிராஸ் வாங்கியவர் பிறகு வசதியாக வாழ்ந்திருப்பாரே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இல்லை, பாவம். அதிகாரி அல்லாதவருக்குப் பதக்கத்தோடு வந்த அடிப்படை உதவித்தொகை ஆண்டுக்கு 10 பவுண்ட். எல்லோருக்கும் 100 பவுண்ட் ஆனது 1959-ல். அவர் 1950-லேயே காலமாகிவிட்டார். 1919-ல் படையிலிருந்து விடுபட்டவருக்கு நிலையான வேலை எளிதில் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் ஷோர்ஸ்டீன் என்ற சிற்றூரில் துணைத் தபால் நிலையத்தை நடத்தினார். நார்ஹம் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே பெயர்க்கல் வைக்கப்பட்டது 2002-ல்! 52 ஆண்டுகள் அந்த மண்மேல் ஒரு பெயரும் இல்லை என்பதை இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

கேள்வி: பதக்கம் பெறாத சாதாரணச் சிப்பாயின் விவரத்தை எப்படித் தேடுவது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் பதக்க அட்டையிலிருந்து, அதாவது சிப்பாய்க்குரிய போர்ப் பதக்கங்களைக் குறித்துவைத்த அட்டையிலிருந்து தொடங்குங்கள். வெளிநாட்டுக் களத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்கு அது உண்டு. பணிக்கோப்பை முதலில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் பாதிக்கு மேல் எரிந்துபோயின.

பலர் தடுக்கி விழும் இடம் சிப்பாய் எண். 1920 வரை ஒவ்வொரு படையும் தனித்தனியாக எண் கொடுத்தது. ஒரே எண் பலருக்கு இருக்கும். படை மாறினால் எண்ணும் மாறும். பெயர், எண், படை மூன்றும் பொருந்தினால்தான் ஆள் அவர். அவர் இருந்த பட்டாலியனின் (படையின் ஒரு பெரும் பிரிவு) போர் நாட்குறிப்பில் அன்றைய சண்டை கிடைக்கும். சிப்பாயின் பெயர் அநேகமாகக் கிடைக்காது.

குடும்பத்தைத் தேட, 1855 முதல் உள்ள ஸ்காட்லாந்தின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் பொக்கிஷம். இறப்புப் பதிவிலேயே தாய் தந்தை பெயரோடு தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். ஆனால் எல்லை தாண்டிப் போனவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷோர்ஸ்டீன் ட்வீட் நதிக்குத் தெற்கே, இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் இருக்கிறது. லெய்ட்லாவின் இறப்பை ஸ்காட்லாந்தின் ஏட்டில் தேடினால் கிடைக்காது. இங்கிலாந்தின் ஏட்டில்தான் பார்க்க வேண்டும். அதில் பெற்றோர் பெயரை எதிர்பார்க்காதீர்கள்.