கொழும்பிலிருந்து மாலேவுக்கு 775 கிலோமீட்டர்தான். விமானத்துக்கு ஏன் ஒன்றரை மணி நேரம்?

இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் மாலத்தீவின் வேலனா விமான நிலையத்துக்கும் இடையே, வளைவு நெளிவு இல்லாமல் அளந்தால், ஏறத்தாழ 775 கிலோமீட்டர். உயரே போனபின் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டரைத் தொடும். கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும்.

ஆனால் டிக்கெட்டில் உள்ளது பறக்கும் நேரம் மட்டும் அன்று. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து, சேரும் ஊரில் போய் நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது எல்லாம் அதில் சேர்த்தி. தூரம் குறையக் குறைய இந்தச் சில்லறை நேரம்தான் பெரிதாகத் தெரியும்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். கன்னியக்கோவில் தாண்டி ஓட்டுநர் கொஞ்சம் விரட்டுவார். தவளக்குப்பத்திலும் அரியாங்குப்பத்திலும் நடந்து போகிறவர் நம்மை முந்திவிடுவார். விமானத்துக்கும் அப்படித்தான்: நடுவில் எவ்வளவு விரட்டினாலும், இரு முனையிலும் மெல்லத்தான் போயாக வேண்டும்.

‘போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது இரண்டு மணி நேரம், எதிர்க்காற்றுதான் காரணம்’ என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த வித்தியாசம் கடிகாரத்தில்தான்: டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கணக்கில் அச்சாகும், மாலேவின் கடிகாரம் கொழும்பைவிட அரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது.