டிசெம்பர் லீவில் திருகோணமலைக்கு வரலாமா? எந்த மாதம் நல்லது?

கொழும்புக்கு டிசெம்பரில் வருகிறோம், அப்படியே திருகோணமலையும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லீவைச் சொல்லிக் கேட்பதால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கடலில் குளிக்கத்தான் ஆசை என்றால் டிசெம்பரில் வராதீர்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை வாருங்கள். பதில் அவ்வளவுதான், மிச்சம் என் வயிற்றெரிச்சல்.

இலங்கைக்கு சீசன் டிசெம்பர் முதல் மார்ச் வரை என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அது தென்மேற்கே காலி, ஹிக்கடுவைப் பக்கத்துக் கணக்கு. எங்கள் கிழக்குக் கரைக்கு அப்படியே தலைகீழ். மே மாதம் தென்மேற்குப் பருவமழை கொழும்பில் கொட்டும்போது நடுவில் இருக்கிற மலைநாடு மழையை வாங்கிக்கொள்ளும். எங்களுக்கு வருவது கச்சான் என்று நாங்கள் சொல்லுகிற காய்ந்த காற்று மட்டும். ஒக்டோபர் கடைசியில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, தொடங்கினால் எங்கள் மழைக்காலமான மாரி. வருசத்து மழையில் பாதிக்குக் கொஞ்சம் குறைய நவம்பரிலும் டிசெம்பரிலுமே பெய்து முடிந்துவிடும். சென்னைக்காரர் என்றால் விளக்கவே தேவையில்லை, உங்களுக்கு அடிக்கிற அதே மழைதான். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்களையும் அடித்துவிட்டுத்தான் அங்கே போனது. 2020இல் புரெவி கரையேறியதும் டிசெம்பர் 2 இரவு, எங்களுக்குச் சற்று வடக்கே.

என் அத்தான் இங்கே உப்புவெளிக் கடற்கரையில் நாலு அறை போட்டுச் சின்ன விடுதி நடத்துகிறார். (விளம்பரம் என்று யாரும் கிளம்பவேண்டாம், பெயர் சொல்லமாட்டேன்.) ஒரு டிசெம்பரில் கொழும்பு ஏஜென்ட் ஒருவர் ஒரு குடும்பத்தை அனுப்பியிருந்தார். அவர்கள் கையில் இருந்த பயணத் திட்டத்தில் "நிலாவெளிக் கடற்குளியல், புறாத்தீவில் பவளப்பாறை" என்று அச்சடித்திருந்தது. இரவு ரயிலில் வந்து நனைந்துகொண்டே இறங்கினார்கள். காலையில் அந்த ஐயா நீச்சல் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விறாந்தையில் நிற்கிறார். புறாத்தீவுக்குப் போகிற போட்டுகளையெல்லாம் மேலே இழுத்துத் தென்னையோடு கட்டிவிட்டார்கள். இரட்டிப்புக் காசு தருகிறேன் என்றார். "ஐயா, கடல் பொங்கி நிக்குது. காசு தந்தாலும் இறக்க ஏலாது" என்றுவிட்டு போட்காரர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

துவாய் காயவில்லை. அக்கா ஒவ்வொன்றாக ஸ்திரிக்கைப்பெட்டி வைத்துத் தேய்த்துக் கொடுத்தா. கடலுக்குப் போக ஆளில்லாததால் சந்தையில் கந்தளாய்க் குளத்து மீன்தான். "துறைமுகத்தில இருந்துகொண்டு குளத்து மீனா?" என்று அந்த அம்மா கேட்டது அக்காவுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. போய்ச் சேர்ந்ததும் இணையத்தில் விடுதிக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார்கள்: கடல் கலங்கல், நல்ல மீன் இல்லை, சுவரெல்லாம் ஈரம். அத்தான் போனைப் பார்த்துவிட்டு, "மழைக்கும் நான்தான் பொறுப்போ?" என்றார். ஏஜென்டுக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்ததாம், வாகனத்தில் ஏசி நன்றாக இருந்ததாம்.

"நான் டிசெம்பரில் போனேன், நல்ல வெயில்தானே" என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். இருக்கும். மழை இரண்டு மூன்று நாள் விட்டுப் பிடிக்கும், அந்த இடைவெளி அவருக்கு வாய்த்திருக்கும். அதை நம்பி நீங்கள் டிக்கெட் போடமுடியாது.

இன்னொன்று, இந்தத் துறைமுகத்துக்கு இவ்வளவு பெயர் வந்ததே மாரியால்தான். பாய்க்கப்பல் காலத்தில் வாடை தொடங்கினால் சோழமண்டலக் கரை முழுக்கக் கப்பலுக்கு ஒதுங்க இடமில்லை, சென்னை வெறும் திறந்த கடல். எங்கள் உட்துறைமுகம் மூன்று பக்கமும் மேடு சூழ்ந்த ஆழத் தண்ணீர். அதற்காகத்தான் 1782இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடிக்க, அதே வருசம் பிரெஞ்சுக்காரர் பறித்துப் பிறகு ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுக்க, 1795இல் மறுபடி ஆங்கிலேயர் எடுத்தார்கள். கப்பலுக்கு மாரி சரி. நீங்கள் கப்பல் இல்லையே.

டிசெம்பரை விட்டால் வழியில்லை என்றால் கடலை மறந்துவிட்டு வாருங்கள். கோணேசர் கோயில் மழையிலும் அழகு. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் மழைக் குளிருக்குத்தான் சுகம், வெயிலில் அதை அள்ளித் தலையில் ஊற்றுவது தண்டனை. கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும். தயவுசெய்து அதுகளுக்குச் சோற்றுப் பார்சலைப் போடாதீர்கள். சோறு ஒட்டின லன்ச் சீற்றையும், அதுதான் பார்சல் சுற்றுகிற பொலித்தீன் தாளையும், சேர்த்து விழுங்குகின்றன. ஊரில் மான் செத்தால் வயிற்றில் பொலித்தீன்தான். நான் சொல்லப்போய் ஒருவர், "நீங்க என்ன மானுக்குச் சொந்தக்காரரோ?" என்று கேட்டார். படித்த மனிசன்தான்.

கடைசியாக மாதம். மார்ச், ஏப்ரலில் திமிங்கிலம் வரத் தொடங்கும், கோணேசர் மலையில் நின்றே சில நாள் அது நீர் பீச்சுவது தெரியும். பங்குனித் திருவிழாவும் அதை ஒட்டித்தான். ஓகஸ்ட்டில் வெள்ளைக்காரக் கூட்டம், அறை விலை ஏறும். உங்கள் பிள்ளைகளுக்கு மே மாத லீவு உண்டென்றால் அதிலேயே வாருங்கள். மத்தியானம் வெளியே கால் வைக்கமுடியாது, அதற்கும் நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள். புறாத்தீவுக்குக் காலை ஏழு, எட்டு மணிக்கே போட் ஏறிவிடுங்கள்.