மலை ஏறினா பசிக்கல, வாக்கிங் போனா பசிக்குதே!

கேள்வி: எனக்கு 46 வயசு, எடை 92 கிலோ. தினம் காலைல ஒரு மணி நேரம் மெதுவா வாக்கிங் போறேன். வந்ததும் அகோரப் பசி, ஆறேழு வெள்ளைப் பணியாரம் வரமிளகாச் சட்னியோட உள்ள போனாத்தான் அடங்குது. ஆனா கார்த்திகைக்கு குன்றக்குடி மலை ஏறி மூச்சு வாங்க நின்னேன் பாருங்க, அன்னிக்கு பதினோரு மணி வரை சாப்பாட்டு நெனப்பே இல்ல. அப்ப கஷ்டப்பட்டு பண்ணினாத்தான் பசி குறையுமா? மருமக ட்ரெட்மில்ல ஓடச் சொல்றா.
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, நீங்க கவனிச்சது சரிதான். மூச்சு வாங்குற அளவுக்கு உடம்பை வருத்தும்போது ரத்தம் வயித்தை விட்டுட்டு கால் தசைக்கு ஓடுது, வயித்துல சுரக்குற கிரெலின்ங்கிற பசி ஹார்மோன் (1999ல ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சது) கொஞ்ச நேரம் இறங்கிடுது, போதும்னு சொல்ற பிஒய்ஒய், ஜிஎல்பி-1ங்கிற குடல் ஹார்மோன் ரெண்டும் ஏறுது. இப்ப எடை குறைக்கப் போடுற ஊசி இருக்கே, அது இந்த ஜிஎல்பி-1 மாதிரியே வேலை செய்றதுதான். மெதுவா நடந்தா இந்த மாத்தம் ரொம்பக் கம்மி. எடை கூடினவங்களுக்கும் இது நடக்கும், ஆனா ஆளுக்கு ஆள் மாறும்.

ஆனா இது பெரும்பாலும் ஒரு மணி நேரக் கதைதான். அன்னிக்கு பதினோரு மணி வரை தாங்கினதுல தரிசனம், கூட்டம், சொந்தக்காரங்க பேச்சு எல்லாத்துக்கும் பங்கு இருக்கும். அதனால பசியை அடக்கணும்னே ஓடாதீங்க, முட்டி போயிடும்.

உங்க வாக்கிங் பசியைக் கிளப்புதுன்னும் நான் நெனைக்கல. முந்தின ராத்திரி எட்டு மணிக்கு சாப்பிட்டது, நடந்தாலும் நடக்காட்டியும் காலைல பசிக்கத்தான் செய்யும், வீட்டுக்குள்ள நுழையும்போது முகப்பு வரைக்கும் எண்ணெய் வாசம் வந்தா யாருக்குத்தான் கை நிக்கும்? உங்க எடைக்கு அந்த ஒரு மணி நேரத்துல போறது சுமார் 300 கலோரி, எண்ணெய்ல பொரிச்ச ஆறேழு பணியாரம் அதைத் தாராளமா திருப்பிக் கொடுத்துடும். எனக்கு இதுதான் மனசு கேக்கல, அவ்வளவு நடந்தும் பலன் தெரியலன்னு எத்தனையோ பேர் நடக்கிறதையே விட்டுடறாங்க.

வாக்கிங்கை விடாதீங்க. நடுவுல ரெண்டு நிமிஷம் வேகமா, பாட முடியாது ஆனா விட்டு விட்டு பேச முடியும்ங்கிற அளவுக்கு நடங்க, அப்புறம் மெதுவா, இப்படி நாலஞ்சு தடவை. வந்ததும் முதல்ல ரெண்டு அவிச்ச முட்டை இல்லாட்டி ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல், அதுக்கப்புறம் ரெண்டு பணியாரம் சாப்பிட்டுப் பாருங்க. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுத்தா இல்ல நெஞ்சு பிரச்னை இருந்தா டாக்டரைக் கேக்காம வேகம் கூட்ட வேணாம்.

கேள்வி: தைப்பூசத்துக்கு பழனி பாதயாத்திரை போனேன், அத்தனை நாள் நடந்தும் எடை குறையலையே?
- வாசகர், காரைக்குடி

பதில்: அண்ணே, அது நிதானமான நீண்ட நடை, பசியை அமுக்காது. வழியெல்லாம் அன்னதானம், பானகம் வேற. கால் வீங்கித் தண்ணி கோத்திருந்தாலும் தராசு கூடத்தான் காட்டும், ஒரு வாரம் கழிச்சு காலைல வெறும் வயித்துல எடை பாருங்க.