ஈஸ்டர் கொலைக்கதையும் மலைச் சொக்கலேட்டும்: நோர்வேக்குப் புதிதாக வந்த ஒருவருக்குப் பதில்

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து பேர்கனுக்கு வேலைக்கு வந்து முதல் குளிர்காலத்தைக் கடந்திருக்கும் நீங்கள் இரண்டு விடயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். ஈஸ்டர் நெருங்கியதும் எந்தத் துப்பறியும் நாவலைக் கொண்டுபோகிறீர்கள் என்று அலுவலகத்தில் ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள், பால் பெட்டியில்கூட மர்மக் கதை அச்சாகியிருக்கிறது, இது என்ன வழக்கம் என்பது ஒன்று. இங்குள்ள விளம்பரங்கள் தம் பொருளைப் புகழவே கூச்சப்படுகின்றனவே, இந்த மக்கள் எதைத்தான் பெரிதாக மதிக்கிறார்கள் என்பது மற்றது. ஒஸ்லோவில் நெடுங்காலமாக வாழும் யாழ்ப்பாணத்தான் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நோர்வேஜியர் தங்கள் விழுமியங்களை வாய்விட்டு விளக்குவது அரிது; அவற்றைக் கதைப் புத்தகத்திலும் சொக்கலேட் உறையிலும் தேடித்தான் வாசிக்க வேண்டும்.

முதற் கேள்விக்கான விடை நீங்கள் இப்போது வாழும் பேர்கனின் ரயிலிலேயே இருக்கிறது. 1923ஆம் ஆண்டு நூர்டால் கிரீக், நில்ஸ் லீ என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு புனைபெயரில் சேர்ந்து எழுதிய நாவலொன்று, ஈஸ்டர் விடுமுறைக்காலத்தில் பேர்கன் ரயில் கொள்ளையடிக்கப்படுவதைப் பற்றியது. அதை வெளியிட்ட பதிப்பகத்தை நடத்தியவர் நூர்டாலின் அண்ணன் ஹரால்ட் கிரீக். அவர் ஈஸ்டருக்கு முந்திய வாரத்தில் ஆஃப்டன்போஸ்டன் நாளிதழின் முதற் பக்கத்தில், 'பேர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளையடிக்கப்பட்டது' என்ற பொருள்படும் நாவலின் தலைப்பையே ஒரு செய்தித் தலைப்பைப் போல விளம்பரமாகப் போட்டார். அந்த ரயிலில் பனிச்சறுக்குக்குப் போன உறவினர்களை எண்ணிப் பலர் கலங்கிப்போனார்கள். புத்தகமோ நன்றாக விற்றது. ஈஸ்டரில் குற்றக் கதை வாசிக்கும் வழக்கம் அந்த விளம்பரத்திலிருந்தே தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். (நூர்டால் கிரீக் பின்னாளில் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து எழுதி நாடு போற்றும் கவிஞராகி, 1943இல் பெர்லின் மீது குண்டுவீசச் சென்ற விமானமொன்றில் போர்ச் செய்தியாளராக இருந்தபோது உயிரிழந்தார். ஆனாலும் ஈஸ்டர் தோறும் அவர் பெயர் இந்த இளமைக்கால விளையாட்டுக்காகத்தான் அதிகம் நினைவுகூரப்படுகிறது.)

ஒரு விற்பனைத் தந்திரம் நூறாண்டு நிலைக்க வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற நிலம் முன்பே பண்பட்டிருக்க வேண்டும். பெரிய வியாழன் முதல் ஈஸ்டர் திங்கள் வரை நாடே ஒன்றாக வேலையை நிறுத்தும் வழக்கமும், 'ஹித்த' எனப்படும் மலைவீட்டுக்குப் போய்ப் பகலில் பனியில் சறுக்கி மாலையில் அடுப்பருகே அமரும் வழக்கமும் அந்த நிலமாக அமைந்தன. பதிப்பகங்கள் ஈஸ்டருக்கென்றே குற்ற நாவல்களை முன்வரிசையில் அடுக்குகின்றன, அரச வானொலி மர்ம நாடகம் ஒலிபரப்புகிறது, விவசாயிகளின் கூட்டுறவு நிறுவனமான தீனெ பால் பெட்டிகளில் துப்பறியும் சித்திரக்கதை அச்சிடுகிறது. ஆகவே உங்கள் சகபணியாளர் நாவலைப் பற்றிக் கேட்கும்போது கொலையில் அவருக்கு அத்தனை ஆர்வம் என்று கொள்ள வேண்டாம்; நீங்களும் எங்களோடு சேர்ந்து ஓய்வெடுக்கிறீர்களா என்பதே அவர் கேட்பது. 'எனக்கு விடுமுறை வேண்டாம், வேலை இருக்கிறது' என்ற பதில் நம் ஊரில் உழைப்பின் அடையாளமாகலாம். இங்கே அது சற்று விலகி நிற்பதாகவே படும்.

மலையின் மீதான இந்தப் பற்றுக்கும் இலக்கியத்தின் பங்கு உண்டு. திறந்தவெளி வாழ்வைக் குறிக்க இவர்கள் வாய்க்கு வாய் சொல்லும் 'ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ்' என்ற சொல் ஹென்றிக் இப்சன் 1859இல் எழுதிய நெடுங்கவிதையொன்றில் இடம்பெற்றது. அந்த வாழ்வைக் கடைக்குக் கொண்டுவந்தது 1937இல் ஃப்ரேயா நிறுவனம் அறிமுகப்படுத்திய க்விக் லுன்ஷ். சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகள் கொண்ட உறையில் வரும் இந்தச் சொக்கலேட்டை மலைநடைக்குரிய உணவாகவே விளம்பரம் செய்தார்கள். 1967 ஈஸ்டரில் மலை விபத்துகளில் பலர் இறந்ததையடுத்து மலைப் பாதுகாப்பு விதிகள் நாடெங்கும் பரப்பப்பட்டபோது, இந்த உறையின் உட்புறத்திலும் அவை அச்சாகின. அந்த ஒன்பது விதிகளுள் ஒன்று, நேரத்தோடு திரும்பிவிடுங்கள், திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. சரிவராத ஒரு திட்டத்தைக் கைவிடும் கூட்டத்தில் உங்கள் மேலாளரும் இதே வாக்கியத்தைச் சொல்லக்கூடும். ஃப்ரேயா இப்போது ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமானது என்பது தெரிந்தும், இங்குள்ளவர்கள் அதைத் தங்கள் மலையின் ஒரு பகுதியாகவே கருதுகிறார்கள். விளம்பரத்தின் வலிமைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அடுத்து, புகழ்ச்சிக் கூச்சம். சோலோ என்ற தோடம்பழச் (ஆரஞ்சு) சோடாவை, தாகத்தைத் தவிர வேறெதற்கும் உதவாத ஒரே பானம் அனேகமாக இதுவாகத்தான் இருக்கும் என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். அது பெரும் வெற்றி பெற்றது. இதற்குக் காரணம் கேட்டால் யாரேனும் 'யான்தெலோவன்', அதாவது யான்தெயின் சட்டம், என்பார். டென்மார்க்கில் பிறந்து நோர்வேயில் குடியேறிய அக்செல் சாண்டெமூசெ 1933இல் வெளியிட்ட நாவலில், யான்தெ என்ற கற்பனைச் சிற்றூரின் பத்துக் கட்டளைகள் வருகின்றன: நீ ஏதோ பெரியவன் என்று எண்ணாதே, எங்களைவிட அறிவாளி என்று எண்ணாதே என்று அவை நீளும். சாண்டெமூசெ அவற்றை எழுதியது போற்றுவதற்கு அல்ல. தனிமனிதரை நசுக்கும் ஊர்க் கட்டுப்பாட்டைக் கசப்போடு தோலுரிப்பதற்கே. அப்படியிருந்தும் இன்று பலர் பாதி வெட்கத்தோடும் பாதிப் பெருமையோடும் அதைத் தங்கள் குணமாக மேற்கோள் காட்டுகிறார்கள். நடைமுறையில் உங்களுக்கு இதனால் ஆகவேண்டியது ஒன்று: வேலை விண்ணப்பத்திலும் நேர்முகத் தேர்விலும் 'நானே சிறந்தவன்' என்ற தொனியைத் தவிர்த்து, எந்தப் பணியில் எந்தப் பகுதியை நீங்கள் செய்தீர்கள் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். அதேவேளை, தகுதியை மறைத்துக்கொள்வது அடக்கமாகாது.

இங்கே எதை விளம்பரம் செய்யக்கூடாது என்பதையும் கவனியுங்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் 1975 முதல் விளம்பரத் தடை இருக்கிறது. உடலின் அளவையோ வடிவத்தையோ தோலையோ திருத்திய படத்தை விளம்பரத்தில் பயன்படுத்தினால் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் இந்தக் கதைகளையும் விளம்பரங்களையும் நாட்டின் புகைப்படமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளம்பரத்தில் வரும் மலைவீட்டில் விறகடுப்பும் கம்பளியுமே இருக்கும். இன்று மலைச்சரிவுகளில் விலைபோகும் வீடுகள் பல மில்லியன் குரோனர் பெறுமதியானவை, தரைச்சூடும் வெந்நீர்த் தொட்டியும் கொண்டவை. நகரத்து அடுக்குமாடியில் ஈஸ்டரைக் கழிப்பவர்களும், அந்த நாட்களில் மருத்துவமனைகளில் முறைவேலை பார்க்கும் நம்மவர்களும் அந்தப் படத்தில் அபூர்வமாகவே வருவார்கள். எளிமையும் சமத்துவமும் இவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பும் கதை. அது பொய்யன்று, ஆனால் முழுவதுமன்று.

அடுத்த ஈஸ்டருக்கு முன் நகர நூலகத்தில் ஒரு குற்ற நாவலை இரவல் எடுங்கள், கட்டணம் கிடையாது. நாவல் வாசிக்குமளவு மொழி இன்னும் வரவில்லையென்றால் பால் பெட்டியிலிருந்து தொடங்கலாம். அந்தச் சித்திரக்கதையின் வாக்கியங்கள் குறுகியவை, உரையாடல் அன்றாட மொழியில் இருக்கும், குற்றவாளி யார் என்று காலை இடைவேளையில் சகபணியாளரிடம் கேட்கவும் ஒரு காரணம் கிடைக்கும்.